“இன்னும் பத்து நிமிடம் விட்டிருக்கக் கூடாதா?”

போன இதழில் கிளஸ்டர் (பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய பொது இயந்திரம்) வரிசையைப் பற்றி இரண்டு பத்தி எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புகார்: ‘என் ஜாபைக் கொன்றுவிட்டார்கள்.’ ஜாப் என்றால் அதில் ஓடக் கொடுக்கும் வேலை, கேட்ட நேரம் தீர்ந்ததும் அதைப் பாதியில் நிறுத்துவதுதான் இந்தக் கொலை. அதனால் இந்த மாதம் முழுக்க நேர வரம்புதான். (நோடு என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு கம்ப்யூட்டர், ஸ்லர்ம் என்றால் வரிசையை நடத்தும் ஷெட்யூலர் மென்பொருள்.)

கேள்வி: குரோமாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு புரதத்தின் சிமுலேஷன் ஓட்டுகிறேன். ஸ்லர்மில் 24 மணி நேரம் கேட்டிருந்தேன். 24 மணி ஆனதும் ‘டைம் லிமிட்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு ஜாபை நிறுத்திவிட்டது. இன்னும் பத்தே நிமிடம் விட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் பாதி நோடு காலியாகத்தான் கிடந்தது. இவ்வளவு கறார் எதற்கு?
— ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: முதலில் அந்த ஃபோல்டரைத் திறந்து ஸ்டேட் டாட் சிபிடி என்று ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட், அதாவது அதுவரை ஓடியதன் சேமிப்பு, எழுதிக்கொண்டே இருக்கும். ஆக உங்களுக்குப் போனது 24 மணி நேரம் இல்லை, மிஞ்சிப் போனால் கடைசிக் கால் மணி. குரோமாக்ஸை ஓட்டும் எம்டிரன் கட்டளைக்கு சிபிஐ ஆப்ஷனில் அந்த ஃபைலைக் கொடுத்து மறுபடி சப்மிட் செய்யுங்கள், விட்ட இடத்திலிருந்து போகும். அதைச் செய்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

‘பாதி நோடு காலியாகக் கிடந்தது’ என்கிறீர்களே, சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பத்து நோடு உள்ள சின்னக் கிளஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். மதியம் 12 மணி. ஆறு நோடில் ஒருவருடைய ஜாப் ஓடுகிறது, அவர் மாலை 6 வரை நேரம் வாங்கியிருக்கிறார். வரிசையில் முதலில் நிற்பவருக்குப் பத்து நோடும் சேர்ந்து வேண்டும், அதனால் அவர் 6 மணி வரை காத்திருந்தே ஆகவேண்டும், மீதி நான்கு நோடு சும்மா கிடக்கும். அப்போது பின்வரிசையில் இருந்து ஒருவர், ‘எனக்கு இரண்டு நோடு, ஐந்து மணி நேரம் போதும்’ என்கிறார். அவரை முன்னால் விட்டால் 5 மணிக்கு வெளியே வந்துவிடுவார், முதலில் நிற்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விடலாம். இதுதான் பேக்ஃபில். 1995 வாக்கில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், ஐபிஎம் எஸ்பி இயந்திரத்துக்காக டேவிட் லிஃப்கா செய்த ஈஸி என்ற ஷெட்யூலரில் இப்படித்தான் ஓட்டினார்கள். இன்றைக்கு ஸ்லர்ம் செய்வதும் அதே கணக்குதான், கொஞ்சம் பெரிய அளவில்.

இப்போது அந்த ஐந்து மணி நேரக்காரர், ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று 6:10 வரை உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? 6 மணிக்கு ஆறு நோடு காலியாகிவிட்டது, ஏற்கெனவே இரண்டு காலி, ஆக எட்டு நோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டு நோடுக்காக. மத்தியானத்தில் இருந்து நின்றவர் இன்னும் நிற்கிறார். கல்யாண மண்டபத்தில் காலை முகூர்த்தக்காரர் மூன்று மணிக்குள் காலி செய்யவேண்டும் என்று மேனேஜர் வந்து நிற்பார் இல்லையா, பாத்திரம் கழுவி முடியவில்லை என்று சொன்னாலும் நகரமாட்டாரே, அவருக்கு நம் மேல் கோபம் ஒன்றும் கிடையாது, வாசலில் மாலை ரிசப்ஷன்காரர்களின் பூ வண்டி வந்துவிட்டது. நீங்கள் பார்த்த காலி நோடுகளும் யாருக்கோ சேர்த்து வைக்கப்பட்டவையாக இருந்திருக்கலாம். எஸ்க்யூ கட்டளையில் ஸ்டார்ட் என்று சேர்த்து அடித்தால், காத்திருக்கும் ஜாப்களுக்கு ஷெட்யூலர் எந்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது என்று காட்டும்.

நேரம் முடிந்ததும் ஸ்லர்ம் முதலில் ‘முடித்துக்கொள்’ என்று டெர்ம் சிக்னல் அனுப்பும். அப்புறம் கில்வெயிட் என்ற அமைப்பில் உள்ள நேரம், வழக்கமாக 30 வினாடி, பொறுத்துப் பார்க்கும். அதன் பிறகு கில் சிக்னல், அதற்கு அப்பீல் இல்லை.

அடுத்த முறை எம்டிரன்னுக்கு மேக்ஸ்ஹெச் 24 என்று சேர்த்துவிடுங்கள். கொடுத்த நேரத்தில் 0.99 பங்கு ஆனதும், அதாவது 23 மணி 45 நிமிட வாக்கில், அது தானே செக்பாயின்ட் எழுதிவிட்டு நின்றுகொள்ளும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கடிகாரம் எம்டிரன் தொடங்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். ஸ்கிரிப்டின் ஆரம்பத்தில் 20 நிமிடம் ஃபைல் காப்பி செய்தீர்கள் என்றால் அந்தக் கால் மணி இடைவெளியை அதுவே தின்றுவிடும். அப்போது 23 என்று போடுங்கள்.

அப்புறம், தொடர் ஜாப்களை ஆஃப்டர்ஓகே டிபென்டென்சியில் (முந்தையது வெற்றியாக முடிந்தால்தான் அடுத்தது) கோர்க்காதீர்கள். நேரம் தீர்ந்து செத்த ஜாப் ‘ஓகே’ கணக்கில் வராது, அடுத்தது கிளம்பவே கிளம்பாது. முந்தையது எப்படி முடிந்தாலும் சரி என்கிற ஆஃப்டர்எனி போடுங்கள், அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே ஜாப் பெயர் வைத்து சிங்கிள்டன், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்.

கேள்வி: டைம் வரியில் 24 என்று போட்டேன். 24 நிமிடத்தில் போய்விட்டது. பிறகு 24:00 என்று போட்டேன். மறுபடியும் 24 நிமிடம். மெஷினுக்கு மணி பார்க்கத் தெரியாதா?
— பொறியியல் மாணவர், மதுரை

பதில்: தெரியும், அதன் கடிகாரம் வேறு. ஸ்லர்மில் ஒற்றை எண் என்றால் நிமிடம். ஒரு கோலன் இருந்தால் நிமிடம், வினாடி. இரண்டு கோலன் இருந்தால்தான் மணி, நிமிடம், வினாடி. ஆக உங்களுக்கு வேண்டியது 24:00:00. நாள் கணக்கு சுலபம்: 1-0 என்றால் ஒரு நாள், 1-12 என்றால் ஒன்றரை நாள். எல்எஸ்எஃப் என்ற இன்னொரு ஷெட்யூலரில் பழகி வந்தவர்களுக்கு இது இன்னும் மோசமான பொறி, அங்கே 24:00 என்றால் மணியும் நிமிடமும். அங்கிருந்து ஸ்கிரிப்டை அப்படியே காப்பி அடித்துக் கொண்டுவந்தால் ஒரு நாள் 24 நிமிடமாகச் சுருங்கிவிடும், ஒரு எர்ரர் மெசேஜ்கூட வராது.

கேள்வி: துறையில் 8 நோடு கிளஸ்டர் என் பொறுப்பில் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் நேரம் போடுவதில்லை, ஜாப் வாரக்கணக்கில் ஓடுகிறது. க்யூஓஎஸ்ஸில் (ஜாப்களுக்கான வரம்பு விதிகளின் தொகுப்பு) மேக்ஸ்வால், அதாவது அதிகபட்ச ஓட்ட நேரம், மூன்று நாள் என்று வைத்தேன், ஒருவரையும் அது தடுக்கவில்லை. பார்ட்டிஷனில் (நோடுகளின் பிரிவு) மேக்ஸ்டைம் வைத்தேன், இப்போது சில ஜாப்கள் ஓடவும் இல்லை, போகவும் இல்லை, பென்டிங்கிலேயே நிற்கின்றன.
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: மூன்றும் மூன்று தனித்தனி ஓட்டை.

க்யூஓஎஸ் வரம்பு வேலை செய்யாததற்குக் காரணம் அநேகமாக அக்கவுன்டிங்ஸ்டோரேஜ்என்ஃபோர்ஸ் என்ற வரி. அதில் லிமிட்ஸ் என்ற சொல் இல்லையென்றால் க்யூஓஎஸ்ஸில் நீங்கள் எழுதியதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். எழுதி வைத்துக்கொள்ளும், அமல்படுத்தாது. பென்டிங்கில் நிற்கும் ஜாப்களுக்குக் காரணம், அவை மேக்ஸ்டைமுக்கு மேல் கேட்கின்றன, ஆனால் ஸ்லர்ம் இயல்பாக அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு ‘பார்ட்டிஷன் டைம் லிமிட்’ என்று காரணம் எழுதி உட்கார வைத்துவிடும். நீங்கள் என்றைக்காவது வரம்பைக் கூட்டுவீர்கள் என்ற நம்பிக்கை போலும். மாணவர்கள் அந்தக் காரணத்தைப் படிக்கமாட்டார்கள், வரிசை நீளம் என்று நினைத்து நாலு நாள் காத்திருந்துவிட்டு உங்கள் அறைக் கதவைத் தட்டுவார்கள். என்ஃபோர்ஸ்பார்ட்லிமிட்ஸை ஆல் என்று மாற்றினால் சப்மிட் செய்யும்போதே திருப்பி அனுப்பிவிடும். க்யூஓஎஸ்ஸிலும் இதே கதைதான், அங்கே டினைஆன்லிமிட் என்ற கொடியைச் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது டிஃபால்ட்டைம். இதை வைக்காவிட்டால், நேரம் போடாத ஜாபுக்கு மேக்ஸ்டைம் முழுவதும் கிடைத்துவிடும். மேக்ஸ்டைமும் வைக்காவிட்டால் எல்லையே இல்லை. நான் புதிதில் பார்த்துக்கொண்ட ஒரு கிளஸ்டரில் இரண்டுமே இல்லை. தீபாவளி லீவுக்கு முன்னால் ஒரு மாணவர் எம்பிஐ ஜாப் (பல பிராசஸ்கள் மெசேஜ் பரிமாறிச் சேர்ந்து ஓடுவது) ஒன்றைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். எங்கேயோ ஒரு பிராசஸ் செத்துவிட்டது, மீதி 63-ம் அதனிடமிருந்து வரவேண்டிய மெசேஜுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. எம்பிஐயில் காத்திருப்பது என்றால் பெரும்பாலும் தூங்குவது இல்லை, ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று கேட்டுக்கொண்டே பிராசஸர் கோரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பது. அதனால் டாப் கட்டளை அடித்துப் பார்த்தால் எல்லா கோரும் நூறு சதவீதம், நானும் ‘பரவாயில்லையே, லீவிலும் பையன் உழைக்கிறானே’ என்று சந்தோஷப்பட்டேன். மூன்று வாரம். அவர் திரும்பி வந்து அவுட்புட் ஃபைலின் தேதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடைசி வரி எழுதியது லீவு தொடங்கிய அன்று ராத்திரி.

டிஃபால்ட்டைமை வேண்டுமென்றே சின்னதாக வையுங்கள், ஒரு மணி நேரம் போதும். நேரம் போடாதவருக்கு ஒரே ஒரு முறை வலிக்கும், அடுத்த முறை தானே போடுவார். இரண்டு வாரம் முன்பே மெயில் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் வலி உங்களுக்குத்தான்.

ஓவர்டைம்லிமிட் என்று இன்னொன்று உண்டு. இயல்பில் பூஜ்யம். அதில் 10 என்று வைத்தால் கோவை மாணவி கேட்ட பத்து நிமிடம் எல்லாருக்கும் கிடைக்கும். பேக்ஃபில் கணக்கு மட்டும் அவர்கள் கேட்ட நேரத்தை வைத்தே போகும். நான் வைப்பதில்லை. இந்தச் சலுகை இருப்பது ஒரு மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் பதினோராவது நிமிடத்துக்குக் கடிதம் வரும்.

கேள்வி: என்னுடையது சொந்தமாக எழுதிய பைத்தான் புரோகிராம். சாவதற்குப் பத்து நிமிடம் முன்பு சிக்னல் அனுப்பச் சொல்லி ஸ்கிரிப்டில் போட்டேன், பேஷில் (ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்) சிக்னலைப் பிடிக்கும் டிராப்பும் எழுதினேன். சிக்னல் வரவே இல்லை, ஜாப் வழக்கம்போல் செத்தது.
— ஆராய்ச்சி மாணவர், பெங்களூரு

பதில்: சிக்னல் வந்திருக்கும், வாங்க ஆள் இல்லை. இதில் நானே இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

சிக்னல் ஆப்ஷனில் யூஎஸ்ஆர்1, அட் குறி, 600 என்று மட்டும் போட்டால் ஸ்லர்ம் அதை எஸ்ரன் கட்டளை மூலம் கிளப்பிய ஸ்டெப்களுக்கு அனுப்பும், உங்கள் பேஷ் ஸ்கிரிப்டுக்கு அனுப்பாது. நீங்கள் எஸ்ரன் இல்லாமல் நேராகப் பைத்தானைக் கூப்பிட்டிருந்தால் அதற்கும் போகாது. முன்னால் பி, கோலன் சேர்த்தால் பேஷுக்கு வரும், ஆனால் பேஷுக்கு மட்டும்தான் வரும்.

சரி, பி சேர்த்தாயிற்று. இப்போது இரண்டாவது பொறி. பேஷ் ஒரு புரோகிராமை முன்னால் ஓடவிட்டு அது முடியக் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால், அந்தப் புரோகிராம் முடிந்த பிறகுதான் டிராப்பைத் திறந்து பார்க்கும். உங்கள் பைத்தான் இன்னும் ஆறு மணி நேரம் ஓடப்போகிறது, அதுவரை சிக்னல் வாசலிலேயே நிற்கும். அதனால் பைத்தான் வரியின் கடைசியில் ஆம்பர்சாண்ட் போட்டுப் பின்னால் அனுப்புங்கள், அதன் பிராசஸ் எண்ணை ஒரு வேரியபிளில் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த வரியில் வெயிட். வெயிட்டில் இருக்கும் பேஷ் சிக்னலை உடனே கவனிக்கும். டிராப்புக்குள் அந்த எண்ணுக்கு கில் கட்டளையால் யூஎஸ்ஆர்1-ஐத் தள்ளிவிடுங்கள். பைத்தானில் அதைப் பிடித்து ஒரு கொடியை மட்டும் உயர்த்தி, லூப்பின் அடுத்த சுற்றில் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். கடைசியாக, டிராப் ஓடியதும் அந்த வெயிட் முறிந்துவிடும். கீழே இன்னொரு வெயிட் எழுதாவிட்டால் பைத்தான் சேமித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட் முடிந்து, ஜாப் முடிந்து, எல்லாம் போச்சு. என் இரண்டாவது நாள் போனது இங்கேதான்.

600 என்று கேட்டால் 660-லேயே வரவும் வாய்ப்பு உண்டு, ஒரு நிமிடம் முன்கூட்டியே அனுப்புவது ஸ்லர்மின் வழக்கம். சேமிக்கும் ஃபைலை வேறு பெயரில் எழுதி, முழுதாக எழுதி முடித்த பிறகு ரீநேம் செய்யுங்கள். பாதி எழுதிய செக்பாயின்ட் பழையதையும் அழித்துவிட்டு நின்றால் அதைவிடக் கொடுமை இல்லை.

கேள்வி: நேர வரம்பு தாண்டிய ஜாப் ஒன்று ‘கம்ப்ளீட்டிங்’ என்றே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த நோடே டிரெயின் ஆகி, ‘கில் டாஸ்க் ஃபெயில்ட்’ என்கிறது. கில் சிக்னலுக்கே சாகாத பிராசஸ் உண்டா?
— சிஸ்டம் அட்மின், சென்னை

பதில்: உண்டு. பிஎஸ் அடித்துப் பாருங்கள், அதன் நிலை டி என்று இருக்கும். கெர்னலுக்குள் டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க் ஸ்டோரேஜான என்எஃப்எஸ்ஸிலிருந்தோ பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பதில் வரும்வரை கில் சிக்னலும் வெளியேதான். ஸ்லர்ம் அன்கில்லபிள்ஸ்டெப்டைம்அவுட் அளவுக்குப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த நோடில் இனி யாரையும் விடக்கூடாது என்று டிரெயின் செய்துவிடுகிறது. நல்ல முடிவுதான். நோடை ரீபூட் செய்ய ஓடாதீர்கள், முதலில் ஸ்டோரேஜ் சர்வரைப் பாருங்கள். கெர்னல் பதிவைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜியில் ‘120 வினாடிக்கு மேல் தடைபட்டது’ என்கிற மாதிரி வரிகள் இருந்தால் குற்றவாளி அநேகமாக அங்கேதான். மெமரி மிகப் பெரிய ஜாப்கள் கோர் டம்ப் (சாகும்போது மெமரியை ஃபைலில் கொட்டுவது) எழுதும்போதும் இப்படி ஆகும், அதற்கு அந்த டைம்அவுட்டைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

ஜாப் செத்த பிறகும் அதன் குட்டிப் பிராசஸ் ஏதாவது நோடில் அலைகிறது என்றால் அது வேறு நோய். பிராசஸ்களைப் பின்தொடரும் முறை பிஜிஐடி (பிராசஸ் குரூப் எண்) என்று இருந்தால், தன் குரூப்பை மாற்றிக்கொண்ட பிராசஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விடும். கெர்னலே கணக்கு வைக்கும் சிகுரூப்புக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்ஹெச் போட்டு நோடுக்குள் நுழைந்து ஓட்டுகிறவர்களுக்கு பாம் ஸ்லர்ம் அடாப்ட் என்ற மாட்யூல், அவர்கள் ஓட்டுவதையும் ஜாபின் கணக்கில் சேர்த்துவிடும்.

கேள்வி: கொல்வார்கள் என்ற பயத்தில்தான் நாங்கள் இரண்டு மணி நேர வேலைக்கு மூன்று நாள் கேட்கிறோம். கொல்லாமல் விட்டால் எல்லாரும் உண்மையான நேரத்தைச் சொல்வோமே? அப்புறம், ஒரு நாள் நீட்டிக் கொடுக்க அட்மினுக்கு ஒரே ஒரு கட்டளை. அதற்கு ஏன் அவ்வளவு தயக்கம்?
— பெயர் வேண்டாம்

பதில்: முதல் கேள்வியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2004-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சான் டியாகோ சூப்பர் கம்ப்யூட்டர் சென்டரில் ஜாப் போடுகிறவர்களிடம், ‘இதை வைத்துக் கொல்லமாட்டோம், உங்கள் ஜாப் உண்மையில் எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, ஆனாலும் சராசரியில் கணிப்பு நிஜத்திலிருந்து தூரமாகவே இருந்தது. பயம் ஒரு காரணம்தான், நமக்கே தெரியாது என்பது இன்னொரு காரணம். முடிந்த ஜாப்களுக்கு எஸ்அக்ட் கட்டளை தரும் கணக்கை எடுத்து, ஓடிய நேரத்தையும் கேட்ட நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடாத ஜாபுக்கு ஆறு மணி நேரம் கேளுங்கள். மூன்று நாள் கேட்டால் நான் மேலே சொன்ன மாதிரி இடுக்குகளில் நுழைய முடியாது, அவ்வளவுதான் நஷ்டம், ஆனால் அந்த நஷ்டம் உங்களுக்கு. செக்பாயின்ட் உள்ள ஜாப் என்றால் டைம்மின் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது: ‘24 மணி வேண்டும், கிடைக்காவிட்டால் 4 மணியும் போதும்’ என்று சொல்லலாம், ஷெட்யூலர் நேரத்தைக் குறைத்து முன்னாலேயே கிளப்பிவிடும்.

நீட்டிப்பு விஷயம். உங்கள் ஜாபின் நேரத்தை நீங்களே குறைக்கலாம், கூட்ட அட்மினால்தான் முடியும். கட்டளை ஒன்றுதான், சரி. ஆனால் ஒரு முறை ராத்திரி பத்தரைக்கு ஒரு மூத்த பேராசிரியர் போன் செய்தார், ‘தம்பி, ஒரே ஒரு நாள்.’ கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரிய ஜாப் ஒன்று கிளம்பும் என்று நான்கு நாளாக நம்பியிருந்த ஒரு மாணவி, எஸ்க்யூவில் தன் நேரம் தானாகவே ஒரு நாள் தள்ளிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, ‘சார், ஷெட்யூலரில் ஏதோ பக் இருக்கிறது’ என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீட்டிப்புக் கேட்பவர்களிடம் ஒரு விதி வைத்திருக்கிறேன்: வரம்பு முடிய ஒரு நாளாவது இருக்கும்போது கேட்கவேண்டும், வரிசையில் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், கேட்பவர் பேராசிரியரா மாணவரா என்பது கணக்கில் இல்லை. பேராசிரியருக்கு இன்னமும் என்மேல் வருத்தம்தான்.

கேள்வி: குபர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) இப்படி வரம்பு வைக்க முடியுமா?
— ஐடி ஊழியர், ஓசூர்

பதில்: முடியும். ஜாப் ஸ்பெக்கில் ஆக்டிவ்டெட்லைன்செகன்ட்ஸ். நேரம் ஆனதும் பாட்களை (கன்டெய்னர் தொகுப்புகளை) நிறுத்தி ‘டெட்லைன் எக்ஸீடட்’ என்று தோல்வியாகக் குறித்துவிடும், எத்தனை ரீட்ரை பாக்கி இருந்தாலும் சரி. இங்கேயும் சொல்லிக்கொள்ள 30 வினாடிதான், பாடில் மாற்றிக்கொள்ளலாம். எண் வினாடியில், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஐபிஎம் 370-ல் கார்டு அடுக்கி வேலை பார்த்தவன் நான். எஸ்322 என்று பிரின்ட்அவுட்டில் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நீங்கள் எழுதுவதெல்லாம் அதே கதைதானே?
— ஓய்வுபெற்ற புரோகிராமர், சென்னை

பதில்: பாதிதான் ஐயா. உங்கள் ஜேசிஎல்லில் (ஜாப் கார்டுகளின் மொழி) டைம் என்று போட்டது சிபியு நேரம், அது தீர்ந்தால் எஸ்322. டேப்புக்காகக் காத்திருந்த நேரம் அதில் சேராது, அந்த இடைவெளியில் மெஷின் அடுத்தவர் வேலையைப் பார்க்கும், ரொம்ப நேரம் சும்மா இருந்தால்தான் எஸ்522 வரும். இப்போது நோடையே ஒருவருக்கு ஒதுக்கிவிடுகிறோம், அவருடைய ஜாப் சும்மா இருந்தாலும் இன்னொருவர் நுழைய முடியாது, அதனால் சுவர்க் கடிகார நேரம்தான் கணக்கு. தீபாவளிக் கதை உங்கள் மெஷினில் நடந்திருந்தால் எப்படியும் எஸ்322-லோ எஸ்522-லோ மாட்டியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் டைம் 1440 என்று போட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம், ஒரு நாளின் நிமிடங்கள். ஸ்லர்மின் பேக்ஃபில்லில் பிஎஃப்விண்டோ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, எவ்வளவு தூரம் எதிர்காலத்தைப் பார்த்துத் திட்டம் போடவேண்டும் என்பது. அதன் இயல்பு மதிப்பும் 1440 நிமிடம்தான். திருநெல்வேலிக்காரர் மூன்று நாள் வரம்பு வைத்திருக்கிறாரே, அவர் இதையும் 4320-க்குக் குறையாமல் மாற்றவேண்டும், இல்லையென்றால் அவருடைய ஷெட்யூலருக்கு நாளை மறுநாள் என்று ஒன்று இருப்பதே தெரியாது.